உடம்பைச் சொல்லும் ஆங்கிலம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்குப் பயன்படும்படி ஆங்கிலம் கற்பது பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆங்கிலம் பெரிய கடல். அரை மணி நேரத்தில் அதில் ஒரு குடம்தான் மொள்ள முடியும். ஆகவே ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டேன். நம் உடம்பையும் நோயையும் பற்றிய ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான். நான் மருத்துவன் இல்லை. பம்பு, வால்வு, குழாய் என்று பிழைக்கிற பொறியாளன். "உனக்கு ஏம்பா இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலர் ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு, மன்னார்குடி, நீடாமங்கலம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. சிலர் தெருவுக்கே முதல் பட்டதாரி. பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனதும் நமக்காக ஒரு உத்தியோகம் காத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மஞ்சள் பையோடு வருவார். பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கும். "தம்பி, நீ படிச்ச புள்ள. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா" என்பார். நாம் படித்தது கணிதமா, வரலாறா, வணிகவியலா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன், அது போதும்.

இந்த உத்தியோகத்தைச் சரியாகச் செய்ய என்ன வேண்டும் என்பதுதான் என் பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆங்கில மருத்துவச் சொல்லை அந்தப் பெரியம்மா பேசுகிற தமிழில் அவருக்குத் திருப்பிச் சொல்ல முடிகிற அன்றைக்குத்தான் அந்தச் சொல் நமக்குச் சொந்தம். அதுவரைக்கும் அது இரவல் சட்டை.

ஒரே உடம்புதான். ஆனால் இரண்டு மொழியும் அதை ஒரே மாதிரி பங்கு போடவில்லை. நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டு வரை 'ஆர்ம்', அதற்கு மேற்பட்டது 'ஹேண்ட்'. நமக்குத் தொடையிலிருந்து பாதம் வரை கால். அவர்களுக்குக் கணுக்கால் வரை 'லெக்', பாதம் 'ஃபுட்'. நாம் வயிறு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர்கள் இரண்டாக்கி, வெளியே தெரியும் பகுதி முழுவதையும் 'அப்டமன்' என்றும், உள்ளே சோறு போய்ச் சேருகிற இரைப்பையை 'ஸ்டமக்' என்றும் சொல்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் வலிக்கிற பையன் 'ஸ்டமக் பெய்ன்' என்று எழுதிக் கொடுத்தால், குடல்வாலைப் பற்றி நினைக்க வேண்டிய மருத்துவரின் எண்ணம் இரைப்பைப் பக்கம் போனாலும் போகும்.

இதைவிட முக்கியமானது இடுப்பு. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டு வருகிற பெண்கள் "இடுப்பு விட்டுப் போச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது முதுகின் அடிப்பகுதியை. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'லோ பேக்'. அகராதியைப் பார்த்து 'ஹிப் பெய்ன்' என்று நாம் மொழிபெயர்த்தால், தொடை எலும்பு வந்து பொருந்துகிற மூட்டைத்தான் மருத்துவர் நினைப்பார். அந்த இடத்துக்கு எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால், வலி வலியாகவே இருக்கும். நிறைமாதக் கர்ப்பிணி "இடுப்பு வலி எடுத்திடுச்சு" என்றாலோ அது 'லேபர் பெய்ன்'. ஒரே தமிழ்ச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலம். எது பொருந்தும் என்பதைச் சொல்கிற ஆளையும் சூழ்நிலையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'மயக்கம்' இன்னொன்று. "மயக்கமா வருது" என்று ஒருவர் சொன்னால் நான்கு வகையாக இருக்கலாம். வீடே சுற்றுகிற மாதிரி இருந்தால் 'வெர்டிகோ'. கண் இருட்டிக்கொண்டு விழப் போகிற மாதிரி இருந்தால் 'ஃபெய்ன்ட்னெஸ்'. விழுந்து நினைவு தப்பிவிட்டால் 'அன்கான்ஷியஸ்'. சாப்பிட்ட பிறகு கண்ணைச் சொக்கினால் 'டிரவ்சினெஸ்'. இந்த இடத்தில் நம் வட்டாரப் பேச்சு நமக்குக் கை கொடுக்கிறது. தலை சுத்துது, கிறுகிறுன்னு வருது, கண்ணைக் கட்டுது, நெனவு தப்பிடுச்சு, அசத்துது என்று தனித்தனியாகச் சொல்ல நம்மவர்களுக்குத் தெரியும். படித்தவர்கள்தான் எல்லாவற்றையும் 'மயக்கம்' என்று சுருக்கிவிடுகிறோம்.

வலியைச் சொல்வதிலும் அப்படியே. ஆங்கிலம் பேச ஆரம்பித்தவுடன் நமக்குத் தெரிவது 'பெய்ன்' ஒன்றுதான். நம் பாட்டிமார்களோ சுருக்குன்னு குத்துது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கடுக்குது, கொடையுது, எரியுது, முறுக்கிப் பிடிக்குது, மரத்துப் போச்சு என்று அடுக்குவார்கள். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்திலும் சொல் உண்டு. சுருக்கென்று குத்தினால் 'ஸ்டாபிங்', விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்', எரிந்தால் 'பர்னிங்', முறுக்கிப் பிடித்தால் 'க்ராம்ப்', மரத்துப் போனால் 'நம்ப்னெஸ்'. வலியின் தன்மையை வைத்துத்தான் மருத்துவர் பாதி முடிவுக்கு வருகிறார். மாரடைப்பு வரும்போது பலர் "வலிக்குது" என்றே சொல்வதில்லை. "நெஞ்சு மேல பாறாங்கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்கிறார்கள். அதை 'ப்ரெஷர்' என்றோ 'டைட்னெஸ்' என்றோ சொன்னால் கேட்கிற மருத்துவர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். "வலி இல்லையாம் சார்" என்று நாம் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட்பர்ன்'. பெயரில் இதயம் இருக்கிறதே தவிர, விஷயம் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது.

தமிழில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள் இன்னொரு வகைத் தொல்லை. நமக்கு 'டென்ஷன்' என்றால் மனப் பரபரப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹைப்பர்டென்ஷன்' என்று இருந்தால், "எனக்கு என்னப்பா டென்ஷன்? புள்ளைங்கள்லாம் நல்லாத்தான இருக்கு" என்று பெரியவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அங்கே 'டென்ஷன்' என்பது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். மனசு நிம்மதியாக இருக்கிறவருக்கும் அது ஏறும். 'ஷாக்' என்றால் நமக்குக் கரண்ட் அடிப்பது அல்லது அதிர்ச்சி. மருத்துவத்தில் அது ரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகளுக்குப் போதாமல் போகிற அபாய நிலை. 'பாசிடிவ்' என்றால் நல்லது என்று வாழ்க்கையில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் அது தேடிய கிருமியோ பொருளோ இருக்கிறது என்பதைக் குறிக்கும். 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் எங்களைப் போன்றவர்களுக்கு வினாடிக்கு இத்தனை கன அடி. நோயாளிக்கு அது வீட்டுக்குப் போகும் நாள். புண்ணிலிருந்து வடிகிற சீழுக்கும் அதே பெயர்தான்.

இத்தனை சிக்கலா என்று மலைக்க வேண்டாம். இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் படங்கள்தான், படம் தெரிந்தால் சொல் மறக்காது. நம் முன்னோர்களும் அதே மாதிரி படம் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் சதையை நாம் கெண்டைக்கால் என்கிறோம். வாய்க்காலில் கெண்டை மீன் துள்ளுவதைப் பார்த்தவன் வைத்த பெயர். 'மஸில்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் சுண்டெலி. தோலுக்கடியில் சதை ஓடுவது அவனுக்கு எலி ஓடுகிற மாதிரி தெரிந்திருக்கிறது. அவன் எலியைப் பார்த்தான், நாம் மீனைப் பார்த்தோம். கண்ணின் நடுவே இருக்கும் வட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்யூப்பில்'. அதன் லத்தீன் மூலத்துக்குச் சின்னப் பொம்மை என்று அர்த்தம். நாம் கண்பாவை என்கிறோம். பாவை என்றாலும் பொம்மைதானே! எதிரே நிற்பவரின் உருவம் கண்ணுக்குள் சின்னதாகத் தெரிவதை இரண்டு தேசத்தாரும் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள எலும்பு 'காலர் போன்'. நமக்கு அது காறை எலும்பு, கழுத்தில் காறை என்ற நகை படிகிற இடம்.

நோய்ப் பெயர்களைப் பாருங்கள். 'டயபடீஸ் மெலிடஸ்' என்பதில் முதற்சொல் கிரேக்கம், ஊடுருவி ஓடிவிடுவது என்று பொருள். இரண்டாவது லத்தீன், தேன் போல் இனிப்பது. நம் தமிழில் நீரிழிவு, பேச்சு வழக்கில் சர்க்கரை. ஒன்று நீர் இழிவதைச் சொல்கிறது, இன்னொன்று இனிப்பைச் சொல்கிறது. அவர்களின் இரண்டு பாதியும் நம்மிடம் அப்படியே இருக்கின்றன. 'ஜாண்டிஸ்' பிரெஞ்சு மொழியின் மஞ்சள் என்ற சொல்லிலிருந்து வந்தது, நமக்கு மஞ்சள் காமாலை. கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த யானைக்கால் நோய்க்கு ஆங்கிலத்திலும் 'எலிஃபென்டியாஸிஸ்', உள்ளே யானை இருக்கிறது. சில இடங்களில் நம் சொல்தான் தெளிவு. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்று ஈரல்களைக் கல், மண், நுரை என்று தன்மையை வைத்தே பிரித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'லிவர்', 'ஸ்ப்ளீன்', 'லங்ஸ்' என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

கண்புரைக்கு ஆங்கிலத்தில் 'காடராக்ட்'. அதன் லத்தீன் மூலத்துக்கு அருவி என்றும், கோட்டை வாசலில் மேலிருந்து இறங்கும் கதவு என்றும் பொருள் உண்டு. பார்வைக்கு முன்னால் கதவு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நோய்க்கான சிகிச்சையைப் பற்றிய பழைய ஆவணங்கள் நம் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், கண் நோயாளிகளைப் பற்றி வண்ணப் படங்களோடு எழுதி வைக்கச் செய்த குறிப்புகள் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவர் மராட்டியர். பாதிரியார் ஸ்வார்ட்ஸின் மேற்பார்வையில் ஆங்கிலம் கற்றவர். ஐரோப்பாவிலிருந்து மருத்துவ நூல்களை வாங்கிக் குவித்தவர். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஹீபர், லவாய்சியர், லின்னேயஸ் போன்ற அறிஞர்களை மன்னர் சரளமாக எடுத்துக் காட்டிப் பேசியதை வியந்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர், தன்வந்திரி மகாலில் கைகண்ட சிகிச்சை முறைகளை எந்த மொழியில் தொகுக்கச் செய்தார் தெரியுமா? தமிழ்ப் பாடல்களாக. 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற அந்தத் தொகுப்பில் கண் நோய்க்கென்றே ஒரு பகுதி உண்டு. ஊர் வைத்தியன் மனப்பாடம் செய்து கொண்டுபோக வேண்டுமானால் அவன் மொழியில், அவனுக்குப் பழகிய பாட்டு வடிவில் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே நூற்றாண்டில் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், இன்னொருவர் இதே கேள்வியைச் சந்தித்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர். 1822-இல் பிறந்தவர், 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள், கிராமம் கிராமமாகவே இருந்தது. ஆகவே 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். இவர் தமிழைக் கற்று, உடனிருந்த தமிழர்களின் துணையோடு பாடநூல்களை மொழிபெயர்த்தார். 1867-இல் 'இரணவைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வெளிவந்தன. இந்தப் பெயர்களே ஒரு பாடம். இரணவைத்தியம் ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த சொல். அங்காதிபாதம் வடசொற்களைக் கூட்டிச் செய்தது. கெமிஸ்தம் என்பது 'கெமிஸ்ட்ரி'க்கு வேட்டி கட்டி விட்டது. இருப்பதைப் பயன்படுத்து, இல்லாததை ஆக்கு, ஆக்க முடியாததைத் தமிழ் வாய்க்கு இசைய வாங்கிக்கொள். 1873-இல் அவர் அமெரிக்கா திரும்பியபோது, அவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பயின்ற அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். 1884-இல் காலமான அவருடைய கல்லறையில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருள்பட ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு மருத்துவ, செவிலியர், மருந்தாளுநர் படிப்புகளுக்கு ஆங்கிலம் இல்லாமல் நடக்காது. 2020-இல் தமிழக அரசு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் அதனால் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். தொடை எலும்பு என்று பள்ளியில் படித்தது அங்கே 'ஃபீமர்' ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு தெரியும், பெயர்தான் புதிது. அதை அவர்கள் உணர்ந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

இனி ஒரு பொறியாளனாகச் சில வழிகளைச் சொல்கிறேன். மருத்துவ ஆங்கிலம் இரண்டு மாடிக் கட்டடம். கீழ் மாடியில் வீட்டுப் பேச்சு, மேல் மாடியில் கிரேக்கமும் லத்தீனும். கீழே 'கிட்னி' என்பதற்கு மேலே 'ரீனல்' என்றும் 'நெஃப்ரோ' என்றும் இரண்டு பெயர். கீழே 'ஹார்ட்', மேலே 'கார்டியாக்'. கீழே 'லிவர்', மேலே 'ஹெபாடிக்'. கீழே 'லங்', மேலே 'பல்மனரி'. இந்த இணைகளை ஒரு இருபது எழுதி வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி இருட்டு விலகிவிடும்.

அடுத்து, மேல்மாடிச் சொற்கள் எல்லாம் உதிரி பாகங்களைக் கோத்த இயந்திரங்கள். கழற்றிப் பார்த்தால் புரியும். கடைசியில் 'ஐடிஸ்' என்று வந்தால் அழற்சி, அதாவது சிவந்து வீங்கிப் புண்பட்டிருப்பது. 'எக்டமி' என்றால் அறுத்து எடுத்துவிடுவது. 'ஸ்கோப்பி' என்றால் கருவி விட்டுப் பார்ப்பது. 'ஆல்ஜியா' என்றால் வலி. ஆகவே 'அப்பெண்டிசைடிஸ்' என்றால் குடல்வால் அழற்சி. 'அப்பெண்டிசெக்டமி' என்றால் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஆபரேஷன் ஆகிவிட்டதா இல்லையா என்பதே தலைகீழாகிவிடும். முன்னால் வருவதில் 'ஹைப்பர்' என்றால் மிகுதி, 'ஹைப்போ' என்றால் குறைவு. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 'ஹைப்போகிளைசீமியா' என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறுகிற அந்த நேரத்தில், விழுங்குகிற நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும். "சுகர்காரருக்குச் சர்க்கரையா?" என்று யாராவது கையைப் பிடித்துத் தடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு 'போ' எவ்வளவு பெரிய எழுத்து, பாருங்கள்.

மருந்துச் சீட்டில் உள்ள எழுத்துகளும் லத்தீன்தான். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்து ஆபத்து என்று பயப்பட வேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடு என்று அர்த்தம். ஓ.டி. என்பது மாத்திரைச் சீட்டில் நாளுக்கு ஒரு வேளை, கண்ணாடிச் சீட்டில் வலது கண். இப்போது பல மருத்துவர்கள் 1-0-1 என்று போட்டுவிடுகிறார்கள். அது நல்ல வழக்கம்.

நம் ஊர்க் காட்சிகளைக் கொண்டும் சொற்களை நினைவில் நிறுத்தலாம். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. பிறகு ஆறுகள், வாய்க்கால்கள், கன்னி வாய்க்கால்கள். வயலில் மிஞ்சியது வடிகாலில் இறங்குகிறது. இதயத்திலிருந்து புறப்படும் 'ஆர்ட்டரி' பாசன வாய்க்கால், திரும்புகிற 'வெய்ன்' வடிகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள் வடிகால் தண்ணீரும் கல்லணைக்கே திரும்பி வருகிறது என்பது மட்டும் வித்தியாசம். அப்போது 'பெரிஃபெரல் சர்க்குலேஷன்' என்றால் என்ன? கடைமடைப் பாசனம்! வரத்துக் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும் என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தை மருத்துவர் ஏன் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்கிறார் என்று பெரியம்மாவுக்கு இப்படிச் சொன்னால், அடுத்த நாளிலிருந்து செருப்புப் போடாமல் வெளியே போக மாட்டார்.

வயலுக்குப் போகிற ஆங்கிலம் ஒன்றும் உண்டு. பூச்சிமருந்து டப்பாவின் லேபிள். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று பொருளில்லை, நஞ்சு குறைவு என்றுதான் பொருள். 'இன்ஹேல்' என்றால் மூச்சில் இழுப்பது, 'ஸ்வாலோ' என்றால் விழுங்குவது, 'ஆன்டிடோட்' என்றால் முறிவு மருந்து. மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். மருத்துவர் முதலில் தேடுவது அந்த லேபிளைத்தான்.

ஒரு எச்சரிக்கை. சொல்லைப் படிக்கத் தெரிந்ததால் நாம் வைத்தியராகிவிட மாட்டோம். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்வது நம் வேலை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவரின் வேலை. புரியாத சொல் வந்தால், "இது எனக்குத் தெரியல பெரியம்மா, டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க" என்று அந்த வரிக்கு அடியில் கோடு போட்டுக் கொடுப்பதும் ஒரு உதவிதான்.

மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் அதன் படமோ பாகங்களோ. மூன்றாவதில் உங்கள் வீட்டு ஆத்தாவோ அப்பாயியோ அதை எப்படிச் சொல்வார்கள் என்பது. அகராதித் தமிழை எழுதாதீர்கள், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாளுக்கு மூன்று சொல் என்றால் ஒரு வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மூன்றாவது பத்தி நிரம்பாத சொல்லை இன்னும் கற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் முன்னாள் மாணவர்களில் ஆய்வகங்களிலும் மருந்துக் கடைகளிலும் மருத்துவமனை அலுவலகங்களிலும் பணிபுரிகிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவர்களில் ஒருவர் நூலகத்துக்கு வந்து, பெயர் மறைத்த ஒரு ரிப்போர்ட்டை மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கட்டும். மாணவர்கள் கொண்டுவரும் மூன்றாவது பத்திச் சொற்களை ஒன்று சேர்த்தால், இந்த வட்டாரத்து உடம்பு மொழிக்கு ஒரு சிறு அகராதியே கிடைக்கும். அடுத்த கூடுகை மலரில் அதை அச்சிடலாம். புதிதாக இங்கே பணிக்கு வரும் வெளி மாவட்ட, வெளி மாநில இளம் மருத்துவர்கள் அதை மேசையில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். செலவு அதிகமில்லை. முதல் நாற்பது நோட்டுகளை நான் வாங்கித் தருகிறேன்.